டீசல் ஜெனரேட்டரைக் கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பது எப்படி?

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கலியாண மண்டபம், ஐஸ் தொழிற்சாலை, தனியார் மருத்துவமனை, அரிசி ஆலை என்று எங்கே போனாலும் வளவின் ஒரு மூலையில் டீசல் ஜெனரேட்டர் நிற்கிறது. தீவுப்பகுதிக்குச் சோலாரும் காற்றாலையும் வரப்போகின்றன என்ற செய்தியோடு இன்னொரு கதையும் அடிபடத் தொடங்கியது: "கொம்பியூட்டரில் எல்லாம் போட்டுப் பார்த்தாச்சாம், சரிவருமாம்."

போட்டுப் பார்த்தது எதை, எந்தக் கேள்விக்காக என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. முப்பரிமாணப் படம் ஒன்று வரைந்திருக்கிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். மென்பொருளுக்குள் ஜெனரேட்டரின் பெயரைக் கொடுத்தால் அது நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடும் என்று வேறு சிலர் நம்புகிறார்கள். இரண்டும் பிழை. இந்த விளங்காமையால் வீணாகப் பெரிய ஜெனரேட்டர் வாங்கி ஆண்டுக்கணக்கில் டீசலைக் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள். கணினி மாதிரி என்றால் என்ன, அதற்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று அடியிலிருந்து பார்ப்போம். பள்ளிக்கூடத்துப் பௌதிகத்துக்கு மேல் எதுவும் தேவைப்படாது.

கவிழ்த்து வைத்த சைக்கிள்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு ஜெனரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. மின்சாரம் கிடையாது, பற்றரி தடைப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் எடுத்து ரேடியோவில் செய்தி கேட்ட வீடுகள் எத்தனையோ.

அந்தச் சைக்கிளை ஒருமுறை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். டைனமோவில் ஒன்றும் பூட்டாமல் சுற்றினால் பெடல் இலேசாகப் போகும். ஒரு சிறிய பல்பைப் பூட்டினால் கை கனக்கும். பூட்டிய அந்தக் கணத்தில் கை தன் பலத்தைக் கூட்டியிருக்காது, ஆனாலும் பல்ப் எரியும். பல்புக்குப் போன வலு எங்கிருந்து வந்தது? ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த சில்லிலிருந்து. சில்லு தன் ஓட்டத்தில் கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டு மெதுவாகும். வேகம் குறைவதைக் கை உணர்ந்து கூடுதலாக அழுத்தும். அப்புறம்தான் வேகம் பழைய நிலைக்கு வரும்.

டீசல் ஜெனரேட்டர் ஒன்றின் உள்ளே நடப்பதும் இதே ஒழுங்கில்தான். கையின் இடத்தில் எஞ்சின். சில்லின் இடத்தில் ஃபிளைவீலும் அதனோடு சேர்ந்து சுற்றும் கனமான உறுப்புகளும். டைனமோவின் இடத்தில் ஆல்ட்டர்னேட்டர். வேகம் குறைந்ததை உணர்ந்து எரிபொருளைக் கூட்டும் கருவிக்குக் கவர்னர் என்று பெயர். மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் மோட்டர், லைட், குளிரூட்டி எல்லாவற்றையும் சேர்த்துச் சுமை என்போம்.

இன்னும் ஒரு சொல். மின்சாரம் விநாடிக்கு எத்தனை தடவை திசை மாறி ஒரு சுற்றை முடிக்கிறது என்பது மீடிறன். இலங்கையில் அது 50 ஹேர்ட்ஸ். வழக்கமான நான்கு காந்தமுனை ஆல்ட்டர்னேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்றினால் 50 ஹேர்ட்ஸ் வரும். எஞ்சின் மெதுவானால் மீடிறனும் அதே விகிதத்தில் குறையும். ஆகவே மீடிறனைப் பார்த்தாலே எஞ்சின் திணறுகிறதா என்று தெரிந்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால்: சுமை கூடிய கணத்தில் முதலில் உதவுவது சுற்றிக்கொண்டிருக்கும் பாரம். எஞ்சின் அதற்குப் பிறகுதான் வந்து சேரும். இந்த இடைவெளியில் மீடிறன் எவ்வளவு விழும் என்பதுதான் மாதிரிக்குக் கொடுக்கப்படும் முதல் பெரிய கேள்வி.

மாதிரி என்பது என்ன?

கணினி மாதிரி என்றால், ஒரு பொருள் நடந்துகொள்ளும் விதத்தைச் சமன்பாடுகளாக எழுதி, காலத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் என்ன மாறியது என்று கணக்குப் பார்த்துக்கொண்டே போவது. ஒரு துண்டின் முடிவு அடுத்த துண்டின் தொடக்கம். இதில் மாயம் ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். ஆயிரம் துண்டுகளைக் கையால் கணக்குப் பார்க்க எவராலும் முடியாது என்பதால் கணினியிடம் கொடுக்கிறோம்.

துண்டு எவ்வளவு சிறியது என்பது கேள்வியைப் பொறுத்தது. மோட்டர் ஸ்டார்ட் ஆகும்போது லைட் மங்குமா என்று கேட்டால் ஒரு துண்டு ஆயிரத்தில் சில பங்கு விநாடியாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு எவ்வளவு டீசல் போகும் என்று கேட்டால் ஒரு மணித்தியாலத் துண்டு போதும். ஓர் ஆண்டில் 8760 மணித்தியாலம் இருப்பதால் 8760 துண்டுகள். முதல் கேள்விக்குச் செய்த மாதிரி இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாது, மறுவளமும் அப்படியே. "மொடல் பண்ணியாச்சு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: துண்டு விநாடிக் கணக்கா, மணித்தியாலக் கணக்கா?

முதல் விநாடிக்குள் நடப்பது

ஒரு கணக்கை முழுதாகச் செய்து பார்ப்போம். 100 கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்று 50 ஹேர்ட்ஸில் ஓடுகிறது, அதன்மேல் 40 கிலோவாட் சுமை இருக்கிறது. எஞ்சினும் 40 கிலோவாட் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வரவுக்கும் செலவுக்கும் சரி, வேகம் அசையாது. இப்போது திடீரென இன்னொரு 30 கிலோவாட் சுமை ஏறுகிறது.

சுற்றும் பாகங்கள் எல்லாவற்றிலும் சேர்ந்து 40 கிலோயூல் சக்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவு ஜெனரேட்டருக்கு அது நம்பக்கூடிய எண்தான். ஒரு கிலோவாட் என்றால் விநாடிக்கு ஒரு கிலோயூல். ஆகவே 30 கிலோவாட் குறை இருந்தால் சில்லிலிருந்து விநாடிக்கு 30 கிலோயூல் உருவப்படும். எஞ்சின் எதுவுமே செய்யாவிட்டால் 40 கிலோயூலும் 1.3 விநாடியில் முடிந்துவிடும். ஜெனரேட்டர் நின்றுவிடும். எவ்வளவு குறுகிய கெடு என்று பாருங்கள்.

காலத்தை 0.05 விநாடித் துண்டுகளாக வெட்டுவோம். முதல் துண்டில் எஞ்சினுக்கு இன்னும் செய்தியே போகவில்லை. 1.5 கிலோயூல் போய்விட, 38.5 மிஞ்சுகிறது. சுற்றும் பொருளின் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு போகும் என்பதால், 38.5ஐ 40ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுத்து 50ஆல் பெருக்கினால் புதிய மீடிறன் 49.05 ஹேர்ட்ஸ். இரண்டாம் துண்டிலும் எஞ்சின் அசையவில்லை என்றால் 37 கிலோயூல், 48.1 ஹேர்ட்ஸ்.

மூன்றாவது துண்டில் கவர்னர் திறந்த எரிபொருள் வேலை செய்யத் தொடங்குகிறது. எஞ்சின் 10 கிலோவாட் கூடுதலாகக் கொடுக்க, குறை 20 ஆகிறது. சக்தி 36, மீடிறன் 47.4. நான்காவதில் எஞ்சின் கூடுதலாக 20 கொடுக்கிறது, குறை 10தான். சக்தி 35.5, மீடிறன் 47.1. ஐந்தாவது துண்டில் எஞ்சின் முழு 30ஐயும் கொடுத்துவிடுகிறது. குறை பூச்சியம், விழுவது நிற்கிறது. ஆனால் மீடிறன் தானாக 50க்குத் திரும்பாது! சில்லு இழந்த சக்தியைத் திருப்பிக் கொடுக்க எஞ்சின் சுமையைவிடக் கூடுதலாக உழைக்க வேண்டும். ஆறாவது துண்டில் அது 40 கிலோவாட் கூடுதலாகக் கொடுத்தால் மீடிறன் மறுபடி 47.4க்கு ஏறும்.

மொத்தத்தில் 0.3 விநாடிக்குள் மீடிறன் 50இலிருந்து 47.1 வரை விழுந்து மீளத் தொடங்கியிருக்கிறது. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு எஞ்சின் சத்தம் ஒருகணம் அமுங்கி, உறுமி, பிறகு பழையபடி வருவதாகக் கேட்கும். நீங்கள் காதால் கேட்டதைத்தான் மேலே எண்ணால் எழுதியிருக்கிறோம். பெரிய மென்பொருள்கள் செய்வதும் அடிப்படையில் இதே கணக்கு. துண்டு இன்னும் சிறியது, ஒவ்வொரு உறுப்புக்கும் தனிச் சமன்பாடு உண்டு, அவ்வளவுதான்.

வேகம் மாறுவதை எதிர்க்கும் இந்தச் சுழல் பாரத்தின் குணத்துக்குச் சடத்துவம் என்று பெயர். தனி ஜெனரேட்டருக்கு மட்டுமல்ல, ஒரு நாட்டின் மின் வலையமைப்புக்கும் இது பொருந்தும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் நாடு முழுதும் இருண்டது. எல்லோரும் குரங்கைப் பற்றியே பேசினார்கள். அன்று விடுமுறைப் பகல், மின்தேவை குறைவு, கூரைச் சோலாரின் பங்கு அதிகம். சுழலும் பெரிய எந்திரங்கள் வழமையைவிடக் குறைவாக ஓடிக்கொண்டிருந்தன. சடத்துவம் குறைந்த வலையமைப்பில் ஓர் அடி விழுந்தால் மீடிறன் வேகமாகச் சரியும். குரங்கு தொடங்கியதை நாடளாவிய இருட்டாக ஆக்கியது அந்தச் சரிவு.

எஞ்சின் ஏன் உடனே பதில் சொல்வதில்லை?

மேலே செய்த கணக்கில் எஞ்சின் 0.1 விநாடி சும்மா இருந்தது என்றேன். அது நான் வசதிக்காகப் போட்ட எண். உண்மையில் அந்தத் தாமதம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. கவர்னர் வேகத்தை அளந்து முடிவெடுக்க ஒரு சிறு நேரம். அது எரிபொருள் பம்பின் நெம்பை நகர்த்த ஒரு சிறு நேரம். அப்புறம், கூட்டிய எரிபொருள் அடுத்து வெடிக்கப்போகும் சிலிண்டருக்குத்தான் போய்ச்சேரும். நான்கு அடிப்பு எஞ்சினில் ஆறு சிலிண்டர் இருந்தால், 1500 சுற்றில் ஏறத்தாழ 0.013 விநாடிக்கு ஒரு வெடிப்பு. அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும்.

இவை மூன்றும் சிறியவை. பெரிய தாமதம் டர்போவில் இருக்கிறது. டர்போ என்பது எஞ்சினின் புகையால் சுற்றி, உள்ளே போகும் காற்றை அமுக்கிக் கொடுக்கும் காற்றாடி. குறைந்த சுமையில் ஓடும் எஞ்சினில் புகை குறைவு, ஆகவே டர்போவும் சோர்ந்து சுற்றும். திடீரென எரிபொருளைக் கூட்டினால் அதை எரிக்கப் போதிய காற்று இருக்காது. டர்போ வேகமெடுத்துக் காற்றை நிறைக்க ஒரு விநாடியோ அதற்கு மேலோ ஆகலாம். அந்த நேரத்தில் குழாயிலிருந்து கரும்புகை வருவதைக் கண்டிருப்பீர்கள். எரியக் காற்றுக் கிடைக்காத டீசல்தான் அந்தக் கருமை.

ஆகவே நல்ல மாதிரியில் "இவ்வளவு காற்று இருக்கும்போது இவ்வளவுக்கு மேல் வலு எடுக்க முடியாது" என்ற வரம்பு இருக்கும். இந்த வரம்பை விட்டுவிட்ட மாதிரிகள் உண்மையைவிட அழகான வரைபடம் தரும். 100 கிலோவாட் ஜெனரேட்டர் 100 கிலோவாட் சுமையையும் ஒரே அடியில் தாங்கும் என்று அதைப் பார்த்து நம்பினால், மண்டபத்தில் குளிரூட்டிகள் எல்லாம் ஒன்றாக இயங்கும் நேரத்தில் எஞ்சின் விழுந்துவிடும். சுமையைப் படிப்படியாக ஏற்றச் சொல்வது இதனால்தான்.

எவ்வளவு விழலாம் என்பதற்கு நியமம் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 8528 என்ற சர்வதேச நியமம் ஜெனரேட்டர்களை வகுப்புகளாகப் பிரிக்கிறது. சுமை ஏறும்போது மீடிறன் ஜி2 வகுப்பில் 10 சதவீதம் வரை, ஜி3 வகுப்பில் 7 சதவீதம் வரை விழலாம். நம்முடைய கணக்கில் விழுந்தது ஆறு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. வாங்கும்போது எந்த வகுப்பு என்று கேளுங்கள். விற்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

லைட் மங்குவது வேறு கதை

மீடிறன் விழுவதையும் வோல்ட்டேஜ் விழுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம். மீடிறன் எஞ்சினின் விடயம். வோல்ட்டேஜ் ஆல்ட்டர்னேட்டரின் விடயம். அதைக் கவனித்துச் சரிசெய்யும் கருவிக்கு ஏ.வி.ஆர். என்று பெயர், ஆல்ட்டர்னேட்டரின் காந்தத்தைக் கூட்டியும் குறைத்தும் வோல்ட்டேஜை அது பிடித்து வைத்திருக்கும்.

ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் 15 கிலோவாட் மோட்டரை நேரடியாக ஸ்டார்ட் செய்கிறார்கள் என்று வைப்போம். நின்ற மோட்டர் கிளம்பும்போது வழமையைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். வோல்ட்டேஜையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது கே.வி.ஏ.; அதில் உண்மையாக வேலையாக மாறும் பங்கு கிலோவாட். கிளம்பும் கணத்தில் அந்தச் சின்ன மோட்டர் 100 கே.வி.ஏ.க்கு மேல் கேட்கும், ஆனால் அதில் கிலோவாட் கொஞ்சம்தான். எஞ்சினுக்கு இது பெரிய சுமையாகத் தெரியாது. ஆல்ட்டர்னேட்டருக்குத்தான் மூச்சு முட்டும். வோல்ட்டேஜ் இறங்கி லைட் மங்கும். கூட இறங்கினால் பக்கத்து மோட்டர்களின் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காந்தச் சுருள் பிடியை விட்டுவிடும், ஓடிக்கொண்டிருந்தவையும் நிற்கும்.

"எஞ்சின் பெலன் போதாது, பெரிசு எடுங்கோ" என்ற ஆலோசனை இந்த இடத்தில்தான் பிழைக்கிறது. மோட்டரை முதலில் குறைந்த வோல்ட்டேஜில் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் இழுக்கும் மின்னோட்டம் மூன்றில் ஒன்றாகும். அதே ஜெனரேட்டர் சிரமமில்லாமல் தாங்கக்கூடும். எது தேவை என்று மாதிரி காட்டும், ஆனால் எஞ்சினையும் ஆல்ட்டர்னேட்டரையும் தனித்தனியாக அதில் எழுதியிருந்தால் மட்டும்.

இதுவரை பார்த்தவை விநாடிக் கணக்கிலான மாதிரிக்கு உரியவை: சுழல் பாரம், கவர்னர், எஞ்சினின் தாமதம், டர்போவின் காற்று, ஏ.வி.ஆர்., சுமை. இனி மணித்தியாலக் கணக்குக்குப் போகலாம். அங்கே மீடிறன் என்ற சொல்லே வராது.

டீசல் எங்கே போகிறது?

நெடுந்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெருநிலத்து மின் வலையமைப்போடு இணைக்கப்படாத தீவு. அங்கே காலங்காலமாக லைட் எரிய டீசல் கடல் கடந்து போயிருக்கிறது. குறிகட்டுவானிலிருந்து படகேறுபவர்களுக்கு அந்தக் கடலைத் தெரியும். காற்றுக் காலத்தில் படகு ஓடாத நாளும் உண்டு. ஆகவே அங்கே எரிபொருளைக் கணக்குப் பார்ப்பது பணத்தை மட்டும் பற்றிய விடயமில்லை.

ஜெனரேட்டர் எரிபொருள் குடிப்பதில் இரண்டு பகுதி உண்டு. ஒன்றும் கொடுக்காமல் வெறுமனே சுற்றவே ஓர் அளவு வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு அலகுக்கும் (ஒரு கிலோவாட்-மணித்தியாலம்) மேலும் ஓர் அளவு வேண்டும். எடுத்துக்காட்டாக, 100 கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்று சும்மா ஓட மணித்தியாலத்துக்கு 8 லீற்றரும், கொடுக்கும் ஒவ்வொரு அலகுக்கும் கால் லீற்றரும் எடுக்கிறது என்று வைப்போம். 80 கிலோவாட் சுமையில் மணித்தியாலத்துக்கு 28 லீற்றர், அதாவது அலகுக்கு 0.35 லீற்றர். நள்ளிரவுக்குப் பிறகு சுமை 20 கிலோவாட்டுக்கு இறங்கினால் 13 லீற்றர், அலகுக்கு 0.65. அதே எஞ்சின், அதே டீசல், அலகின் விலை ஏறத்தாழ இரட்டிப்பு.

பக்கத்தில் 40 கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்றும் நின்று, இரவில் அதை மட்டும் ஓட்டினால் என்ன ஆகும்? சும்மா ஓட அதற்கு 3.2 லீற்றர், 20 அலகுக்கு 5 லீற்றர், ஆக 8.2. எட்டு மணித்தியால இரவில் 104 லீற்றருக்குப் பதிலாக 66 லீற்றருக்குள் வேலை முடியும். மணித்தியால மாதிரி செய்வது இதுதான்: ஆண்டின் 8760 மணித்தியாலங்களிலும் சுமை எவ்வளவு, எந்த எஞ்சின் ஓட வேண்டும், எவ்வளவு டீசல் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவது. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க சக்தி ஆய்வுகூடத்தில் பிறந்த ஹோமர் என்ற மென்பொருள் இந்த வகையில் பெயர்பெற்றது.

பெரிய எஞ்சினைச் சிறு சுமையில் ஓட்டுவதில் வேறொரு கேடும் இருக்கிறது. சுமை முப்பது சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் இருந்தால் சிலிண்டர் போதியளவு சூடாகாது. டீசல் முழுதாக எரியாமல் கரியும் எண்ணெய்ப் பிசினுமாகப் புகைக்குழாயில் படியும். அதனால் மாதிரிகளில் "இதற்குக் கீழே ஓட்டாதே" என்று ஒரு குறைந்தபட்சச் சுமையை எழுதி வைப்பார்கள். பெரியதாக வாங்கினால் பாதுகாப்பு என்ற எண்ணத்தின் மறுபக்கம் இது.

இரண்டு எஞ்சின் ஒன்றாக ஓடும்போது

சுமை கூடும் மாலை வேளையில் இரண்டு ஜெனரேட்டரையும் இணைத்து ஓட்ட வேண்டிவரும். இரண்டு கவர்னரும் "நான்தான் சரியாக 50ஐப் பிடிப்பேன்" என்று நின்றால் ஒன்று எல்லாச் சுமையையும் தன்மேல் இழுக்கும், மற்றது சும்மா சுற்றும். இதைத் தவிர்க்க, சுமை கூடக்கூட வேகத்தைக் கொஞ்சம் தளரவிடும்படி கவர்னரை அமைப்பார்கள். இதற்கு ட்ரூப் என்று பெயர். 4 சதவீத ட்ரூப் என்றால் சுமையில்லாதபோது 52 ஹேர்ட்ஸ், முழுச் சுமையில் 50. இரண்டும் ஒரே மீடிறனில்தான் சுற்ற முடியும் என்பதால், ஒரே ட்ரூப் வைத்த எஞ்சின்கள் தத்தம் அளவுக்கேற்பச் சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும். பேச்சுவார்த்தைக்கு வயர்கூடத் தேவையில்லை. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த ஏற்பாடு இது.

சோலார் சேரும் இடம்

யாழ்ப்பாணக் குடாநாடே ஒருகாலத்தில் மின்சாரத்தில் தீவாக இருந்தது. போர்க்காலத்தில் தேசிய வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு, கிடைத்த கொஞ்ச மின்சாரமும் டீசலில் வந்தது. 2013இல் சுன்னாகத்தில் 24 மெகாவாட் உத்துரு ஜனனி மின் நிலையம் திறக்கப்பட்டபோது ஊருக்கு அது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்தது என்பது நினைவிருக்கும். பிறகு தேசிய வலையமைப்பும் வந்து சேர்ந்தது. தீவுகள் சிலவற்றுக்கு அது வரவில்லை. எழுவைதீவில் சூரியன், காற்று, பற்றரி, டீசல் நான்கையும் சேர்த்த கலப்பு முறை முதலில் வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய நிதியுதவியோடு ஒப்பந்தமானது. மூன்றுக்கும் சேர்த்து 1700 கிலோவாட் சோலார், 530 கிலோவாட் காற்றாலை, 2400 கிலோவாட்-மணித்தியாலம் பற்றரி, 2500 கிலோவாட் தயார்நிலை டீசல் என்பது அதன் அளவு.

அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். சோலார் வந்தால் ஜெனரேட்டர் தேவையில்லை என்று நினைப்பவர்களுக்கு 2500 கிலோவாட் டீசல் புதிராக இருக்கும். காற்றும் வெயிலும் சேர்ந்து ஓய்ந்து பற்றரியும் இறங்கிய இரவில் தீவைச் சுமக்க யாராவது வேண்டுமே.

விநாடிக் கணக்கும் மணித்தியாலக் கணக்கும் ஒன்றையொன்று தொடும் இடமும் இதுதான். மணித்தியால மாதிரியில் ஒரு மணி முழுதும் சோலார் சராசரியாக 60 கிலோவாட் கொடுத்தது என்று ஓர் எண் வரும். அந்த மணிக்குள் முகில் ஒன்று குறுக்கே போய்ச் சில விநாடிகளில் 60 என்பது 20 ஆகியிருக்கலாம். மணித்தியால மாதிரிக்கு அது தெரியவே தெரியாது. ஜெனரேட்டருக்கோ அது திடீரென 40 கிலோவாட் சுமை ஏறியதற்குச் சமம்.

இன்னும் மோசமாகவும் ஆகலாம். சோலார் பலகையின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி இன்வேர்ட்டர். வீட்டுக் கூரைச் சோலாரோடு வரும் சாதாரண இன்வேர்ட்டர் மின்சாரத்தின் மீடிறனைப் பார்த்து அதன் பின்னால் போவது. மீடிறன் எல்லை கடந்தால் பாதுகாப்புக்காகத் தானாகத் துண்டித்துக்கொள்ளும். முகிலால் மீடிறன் விழ, அதைக் கண்டு மிச்ச இன்வேர்ட்டர்களும் கழன்றுகொள்ள, குறை பெருகி எஞ்சினும் விழும். அதேபோல, உச்சிவெயிலில் சோலாரே முழுச் சுமையையும் எடுத்துவிட்டால் டீசல் எஞ்சின் குறைந்தபட்சச் சுமைக்குக் கீழே போய்க் கரி பிடிக்கும். அந்த நேரத்தில் எஞ்சினை நிறுத்த வேண்டுமென்றால் மீடிறனையும் வோல்ட்டேஜையும் தானே உருவாக்கித் தரக்கூடிய வேறு வகை இன்வேர்ட்டர் பற்றரியோடு இருக்க வேண்டும். அந்தப் பற்றரி சக்தியைச் சேமிப்பதோடு, முதல் விநாடியில் சில்லு செய்த உதவியையும் செய்கிறது. டீசல் எஞ்சினைவிடப் பல மடங்கு வேகமாகவே செய்யும்.

ஆக, தீவுத் திட்டம் ஒன்றுக்கு இரண்டு மாதிரியும் வேண்டும். மணித்தியால மாதிரி எவ்வளவு வாங்குவது என்று சொல்லும். விநாடி மாதிரி வாங்கியது விழாமல் நிற்குமா என்று சொல்லும்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன?

என் பார்வையில், கவனம் மிகக் குறைவாகக் கிடைக்கும் பகுதி இது. மென்பொருள் எதுவானாலும் அதற்குள் போகும் எண் ஊகமாக இருந்தால் வெளியே வருவதும் ஊகம்தான், வர்ணத்தில் அச்சடித்த ஊகம். ஜெனரேட்டரில் ஒட்டியிருக்கும் தகட்டில் கே.வி.ஏ., வோல்ட்டேஜ், சுற்றுவேகம் இருக்கும். சுழல் பாரம் அதில் இருக்காது. கவர்னரின் தாமதம் இருக்காது. அவற்றைத் தயாரிப்பாளரின் விபரத்தாளில் தேட வேண்டும், இல்லாவிட்டால் அளக்க வேண்டும்.

அளப்பது கடினமில்லை. தெரிந்த அளவு சுமை ஒன்றை ஜெனரேட்டரில் சட்டென ஏற்றி, மீடிறனும் வோல்ட்டேஜும் எப்படி விழுந்து எழுகின்றன என்று பதிவுக் கருவியில் எடுத்துக்கொள்ளலாம். அதே சுமையை மாதிரியிலும் ஏற்றிப் பார்த்து, இரண்டு வளைகோடும் பொருந்தும்வரை எண்களைச் சரிசெய்ய வேண்டும். பிறகு வேறொரு சுமையை ஏற்றிச் சோதிக்க வேண்டும். இதற்கு வாய்ப்புப் பார்த்தல் என்று பெயர். முதல் சுமைக்குப் பொருந்தி இரண்டாவதுக்குப் பொருந்தாத மாதிரியை நம்பக்கூடாது.

சுமையையும் அளக்க வேண்டும். இடத்தில் உள்ள எல்லா மோட்டரினதும் கிலோவாட்டைக் கூட்டிப் போடுவது சுமை அளவீடு ஆகாது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ஒரு கிழமைக்காவது, முடிந்தால் கோடையில் ஒரு கிழமையும் மாரியில் ஒரு கிழமையும், நேரத்துக்கு நேரம் எடுத்த பதிவு வேண்டும். மணித்தியால மாதிரிக்கு இந்தப் பதிவுதான் உயிர்.

மாதிரி சொல்லாதவையும் உண்டு. தண்ணீர் கலந்த டீசல், அடைத்த ஃபில்டர், உப்புக்காற்றில் அரித்த முனைகள் எதுவும் அதற்குள் இல்லை. கரண்ட் போனபோது ஸ்டார்ட் ஆகாத ஜெனரேட்டர்கள் பலவற்றில் குற்றம் ஸ்டார்ட்டர் பற்றரியில் இருக்கும். அதற்குக் கணினி தேவையில்லை, மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்க ஓர் ஆள் போதும்.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள்

மேலே செய்த முதல் விநாடிக் கணக்கை எக்செல் தாளில் அப்படியே போடலாம். ஒரு நிரலில் நேரம், அடுத்ததில் எஞ்சின் கூடுதலாகக் கொடுக்கும் கிலோவாட், அடுத்ததில் குறை, அடுத்ததில் மிஞ்சும் சக்தி, கடைசியில் மீடிறன். பாடசாலைப் பிள்ளையும் அரை மணித்தியாலத்தில் செய்துவிடும். செய்தபின் எண்களை மாற்றிப் பாருங்கள். விளையாட்டாக மாற்றும்போதுதான் விடயம் கையில் பிடிபடும்.

சுழலும் சக்தியை 40இலிருந்து 80 கிலோயூல் ஆக்குங்கள், மற்றவற்றைத் தொடாமல். மீடிறன் 47.1க்குப் பதிலாக 48.6இலேயே நின்றுவிடும். கனமான ஃபிளைவீல் கொடுக்கும் பலன் அது. பிறகு 40க்கே திரும்பி, எஞ்சின் பதில் சொல்வதை ஒரே ஒரு துண்டு, வெறும் 0.05 விநாடி, பிந்தவிடுங்கள். இப்போது மீடிறன் 46.1 வரை போகும். ஏறத்தாழ எட்டு சதவீதச் சரிவு: ஜி3 வகுப்பில் தேறியிருந்த அதே ஜெனரேட்டர் இப்போது ஜி2 வகுப்பில்தான் நிற்கிறது.